நிழலிலிருந்து பொருள்: மருத்துவப் படமெடுப்பில் ஒரு கணித வழி

1971ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஐந்து பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர்கள் ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன் என்னும் இரு இந்திய உயிர் இயற்பியல் ஆய்வாளர்கள். ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்துக் கிடைக்கும் நிழல்களிலிருந்து அப்பொருளின் உள்ளமைப்பை எவ்வாறு விரைவாகக் கணித்தறியலாம் என்பதே அக்கட்டுரையின் பொருள். அது வெளிவந்த சில வாரங்களில், 1971 அக்டோபர் முதல் நாளன்று, இலண்டன் நகரின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், கணிப்பொறியின் துணைகொண்டு ஒரு நோயாளியின் மூளை முதன்முறையாகக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை. ஆயினும் பின்னர் உலகெங்கும் பரவிய சி.டி. ஸ்கேன் கருவிகள், இலண்டனில் செய்யப்பட்ட கருவியின் உடலோடு, இந்திய ஆய்வாளர்கள் காட்டிய கணக்கு வழியையும் தம்முள் கொண்டிருந்தன. மைசூரிலோ மதுரையிலோ தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவரின் மூளைப்படம் சில நொடிகளில் திரையில் தோன்றுகிறதென்றால், அதற்கு அடிப்படையாக அமைந்த கணிதம் எது, அது எங்கே எவ்வாறு உருவாயிற்று என்பதை மாணவர்களும், மருத்துவக் கருவித் தொழிலை வளர்க்கும் பொறுப்பிலுள்ளோரும் அறிந்திருத்தல் நலம்.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தின் குறை

1895இல் இராண்ட்கென் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் மருத்துவத்திற்குப் பெருந்துணை புரிந்தன. எனினும் எக்ஸ் கதிர்ப் படம் என்பது உண்மையில் ஒரு நிழலே. மார்புக்கூட்டின் முன்புறமுள்ள எலும்பு, நடுவிலுள்ள இதயம், பின்புறமுள்ள முதுகெலும்பு ஆகிய யாவும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகின்றன. எலும்பு கதிரைப் பெரிதும் தடுப்பதால் அதன் நிழல் தெளிவாகத் தெரியும். ஆனால் மென்மையான திசுக்களுக்கிடையே கதிரைத் தடுக்கும் திறனில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நீரின் அளவை 0 என்றும் காற்றின் அளவை −1000 என்றும் கொண்ட, இன்று வழக்கிலுள்ள அளவுகோலில், மூளையின் சாம்பல்நிறப் பகுதி 40ஐ ஒட்டி நிற்கிறது. புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தம் 60 முதல் 80 வரை இருக்கும். இந்த வேறுபாடு, மண்டையோட்டின் நிழலுக்குள் முற்றிலும் மறைந்துபோய்விடுகிறது.

இதன் விளைவு கடுமையானது. பக்கவாதத்தால் வீழ்ந்த ஒருவருக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதா, அன்றி வெடித்து இரத்தம் கசிந்ததா என்பது வெளித்தோற்றத்தால் உறுதியாகத் தெரிவதில்லை. அடைப்பு எனில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். கசிவு எனில் அதே மருந்து உயிரைப் போக்கிவிடும். சி.டி. முறை தோன்றுவதற்கு முன், மூளையின் உள்ளறைகளைக் காண்பதற்காக முதுகுத்தண்டின் வழியே காற்றைச் செலுத்திப் படமெடுத்தனர். நோயாளிக்குப் பெருவேதனை தந்த அம்முறையாலும் மூளைத் திசுவை நேரடியாகக் காண இயலவில்லை.

ஆகவே தேவைப்பட்டது நிழலன்று. உடலை ஓரிடத்தில் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுமுகத்தை மட்டும் மேலிருந்து பார்ப்பது போன்ற படம். அத்தகைய வெட்டுமுகத்தை அதன் விளிம்பைச் சுற்றி எல்லாக் கோணங்களிலிருந்தும் கிடைக்கும் நிழல்களைக் கொண்டு முழுமையாக மீட்டெடுக்க முடியும் என்பதை 1917ஆம் ஆண்டிலேயே யோஹான் ராடோன் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர் நிறுவியிருந்தார். அவர் அதனைத் தூய கணிதமாகவே எழுதினார். ஐம்பது ஆண்டுக்காலம் மருத்துவ உலகம் அதனை அறியவில்லை.

படிகவியல் தந்த பயிற்சி

இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தையார் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரை, இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய அவர், 1952இல் தமது முப்பதாவது வயதிற்குள்ளாகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இராமனின் பரிந்துரையும், துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியாரின் ஆதரவும் அதற்குக் காரணங்களாக இருந்தன.

சென்னையில் அவர் செய்த இரு பணிகள் உலகப் புகழ் பெற்றன. ஒன்று, தோலிலும் தசைநாண்களிலும் காணப்படும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954–55இல் காட்டியது. மற்றொன்று, புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடியலாம், எவ்வாறு மடிய இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தினை இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டது. இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்கும் அதனை இன்று உயிர் வேதியியல் பாடநூல்கள் யாவற்றிலும் காணலாம்.

இவற்றுக்கும் மருத்துவப் படமெடுப்புக்கும் என்ன தொடர்பு எனக் கேட்கலாம். தொடர்பு முறையில் இருக்கிறது. படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் படத்தகட்டில் கிடைப்பவை புள்ளிகளே, அணுக்களின் உருவமன்று. அப்புள்ளிகளின் ஒளிச்செறிவிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தறிவதே படிகவியலாளரின் அன்றாட வேலை. அதற்குரிய கருவி ஃபூரியர் கணிதம். 1970இல் இராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் இக்கணிதம் பற்றியே ஒரு நூல் வெளியிட்டிருந்தனர். நேரடியாகக் காண இயலாத ஒன்றை, அதன் சுவடுகளிலிருந்து மீட்டெடுப்பதில் இருபது ஆண்டுக்கும் மேலான பழக்கம் அவருக்கு இருந்தது.

1968இல் கேம்பிரிட்ஜில் டி ரோசியரும் ஆரன் குளூகும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து ஒரு வைரசின் வால்பகுதியை முப்பரிமாணத்தில் மீட்டுக் காட்டினர். அவர்கள் பின்பற்றியது ஃபூரியர் முறை. அம்முறையைக் கைவிரல் நுனியில் வைத்திருந்த இராமச்சந்திரனே, இந்த வேலைக்கு அது தேவையில்லை என்று கண்டது கவனிக்கத்தக்கது. சென்னையை விட்டு நீங்கி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்த காலத்தில் இவ்வேலை நடந்தது. 1971இல் இந்திய அறிவியல் கழகங்களின் ஏடொன்றில் இதன் முதற்பகுதியை வெளியிட்டபோது அவர் இட்ட தலைப்பின் பொருள், ‘நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல்’ என்பதாகும்.

கணக்கின் உட்கிடை

இனிக் கணக்கைக் காண்போம். ஒரு மெல்லிய எக்ஸ் கதிர் உடலின் வழியே நேர்கோட்டில் செல்கிறது. உட்சென்ற அளவுக்கும் வெளிவந்த அளவுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்தால், அக்கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளின் தடுக்கும் திறனுடைய கூட்டுத்தொகை கிடைக்கும். கதிரை இணைகோடுகளாக நகர்த்தி நகர்த்தி அளந்தால் ஒரு வரிசை எண்கள். அதுவே ஒரு கோணத்து நிழல். பின்னர் ஒரு பாகை திருப்பி மீண்டும் ஒரு வரிசை. அரைவட்டம் முழுவதும் இவ்வாறு அளக்கப்படுகிறது. கூட்டுத்தொகைகள் கையில் உள்ளன. கூட்டப்பட்ட எண்கள் எவை என்பதே வினா.

மிக எளிதாகத் தோன்றும் விடை, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே படத்தின்மீது திரும்பப் பூசிவிடுவதாகும். இதனைப் பின்வீச்சு எனலாம். வெற்றிடத்தின் நடுவே ஒரே ஒரு கனத்த புள்ளி உள்ளதாகக் கொள்வோம். எந்தக் கோணத்தில் அளந்தாலும் நடுவில் மட்டும் 1, மற்ற இடங்களில் 0 கிடைக்கும். இவற்றைத் திரும்பப் பூசினால், எல்லாக் கோடுகளும் நடுவில் வெட்டிக்கொள்வதால் புள்ளி தோன்றும். ஆனால் அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் கோடுகளின் கறை படிந்திருக்கும். நடுவிலிருந்து தொலைவு கூடக் கூட அக்கறை மங்குமே தவிர மறையாது. உடலில் இலட்சக்கணக்கான புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் கறையை மற்றவற்றின்மீது பூசினால், கிடைப்பது ஈரத் துணியில் ஊறிய மைபோன்ற படமே.

கறையைப் பூசியபின் துடைப்பது கடினம். பூசுவதற்கு முன்பே நிழலைத் திருத்திவிட்டால் என்ன என்பதே இராமச்சந்திரன்–லட்சுமிநாராயணன் முறையின் சாரம். நிழல் வரிசையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும், அதன் இருபுறமும் உள்ள அண்டை எண்களோடு குறிப்பிட்ட எடைகளால் பெருக்கிக் கூட்டிப் புதிய எண்ணாக மாற்ற வேண்டும். கணிதத்தில் இதற்குக் கன்வலூஷன் என்று பெயர். எடைகள் இவை: நடுவிலுள்ள எண்ணுக்கு 1/4, அதாவது 0.25. ஓரிடம் தள்ளியுள்ள இரண்டுக்கும் −0.1013. ஈரிடம் தள்ளியவற்றுக்கு 0. மூவிடம் தள்ளியவற்றுக்கு −0.0113. நான்காவதற்கு மீண்டும் 0. ஐந்தாவதற்கு −0.0041. பொதுவாகக் கூறின், இரட்டைப்படை இடங்களுக்கு எடை இல்லை. ஒற்றைப்படை இடங்களுக்கு, இடத்தின் எண்ணை வர்க்கமாக்கி, பை என்னும் மாறிலியின் வர்க்கத்தால் பெருக்கி, 1ஐ அதனால் வகுத்துக் குறைக்குறி இட வேண்டும்.

இந்த எடைகள் யாவற்றையும் முடிவின்றிக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது சரியாகச் சுழி. நடுவிலுள்ள 0.25ஐ, இருபுறமும் உள்ள குறை எண்கள் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. இதன் பயன் யாதெனில், திருத்தப்பட்ட நிழலைப் பூசும்போது நடுவில் மிகையும் சுற்றிலும் குறையும் படிகின்றன. ஒரு திசைக்கோடு விட்டுச்சென்ற கறையை மற்றத் திசைகளின் குறை எண்கள் அழித்துவிடுகின்றன. புள்ளி மட்டும் நிற்கிறது. பள்ளி இறுதி வகுப்புக் கணிதம் அறிந்த மாணவர் எவரும் தாளும் பென்சிலும் கொண்டு சிறிய கட்டத்தில் இதனைச் செய்து பார்க்கலாம்.

முப்பது மடங்கு வேகம்

வேகத்தில் நேர்ந்த மாற்றத்தையும் எண்ணிப் பார்க்கலாம். நூறு கோணங்கள், ஒவ்வொன்றிலும் நூறு அளவீடுகள், நூற்றுக்கு நூறு கட்டம் கொண்ட படம் எனக் கொள்வோம். ஃபூரியர் முறையின் இரட்டைக் கூட்டலை நேரடியாகச் செய்தால், படத்தின் 10,000 புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் 10,000 உறுப்புகளைக் கூட்ட வேண்டும். மொத்தம் 10 கோடிப் பெருக்கல்கள். கன்வலூஷன் முறையில் ஒரு வரிசையைத் திருத்த 10,000, நூறு வரிசைகளுக்கு 10 இலட்சம்; பின்வீச்சுக்கு மேலும் 10 இலட்சம். ஆக 20 இலட்சம். கட்டத்தை இருநூற்றுக்கு இருநூறாக நுட்பப்படுத்தினால் முன்னது 160 கோடியாகப் பெருகும். பின்னது 1 கோடியே 60 இலட்சத்தில் நிற்கும். இது தோராயக் கணக்கே. தங்கள் முறை ஏறத்தாழ முப்பது மடங்கு விரைவானது என்றும், நுட்பம் கூடக்கூட இந்த ஆதாயம் மிகும் என்றும் ஆசிரியர்கள் இருவரும் தெரிவித்தனர்.

விரைவு ஃபூரியர் கணிப்பு முறை 1965லேயே வந்துவிட்டது உண்மை. ஆனால் நிழல்களின் ஃபூரியர் மதிப்புகள் சக்கரத்தின் ஆரைகள்போல அமைகின்றன. அவற்றைச் சதுரக் கட்டத்துக்கு மாற்றும்போது பிழை புகுகிறது. கன்வலூஷன் முறையில் அத்தகைய மாற்றம் இல்லாமையால் படம் துல்லியமாகவும் இருந்தது. மற்றொரு வசதியும் உண்டு. ஒரு கோணத்து நிழல் கிடைத்தவுடனேயே அதனைத் திருத்திப் பூசிவிடலாம். மற்றக் கோணங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கருவி சுழன்று முடியும்போதே படமும் ஏறத்தாழ முடிந்துவிடும்.

இம்முறையை அவர்கள் சோதித்தது நோயாளிகளைக் கொண்டன்று; கணிப்பொறியிலேயே உருவாக்கிய கற்பனை நிழல்களைக் கொண்டே. நிழல்களை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை.

கருவி பிறந்த இடம்

கருவி இருந்த இடம் இலண்டன். இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு, கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தின்மேல் தமது முதற் சோதனைக் கருவியை அமைத்தார். காமா கதிர் கொண்டு ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. கிடைத்த 28,000 அளவீடுகளைப் பெரிய கணிப்பொறியில் கணிக்க இரண்டரை மணி நேரம் பிடித்தது. 80க்கு 80 கட்டங்கள், அதாவது 6,400 தெரியா எண்களைச் சமன்பாடுகளாக எழுதி, படிப்படியாகத் திருத்தித் தீர்ப்பது அவர் வழி. அவரிடம் கணிதப் பொலிவைவிடப் பொறியியல் துணிவே மிகுந்திருந்தது. நோயாளிகளிடம் பயன்படுத்திய கருவி, எக்ஸ் கதிரைக் கொண்டு சில நிமிடங்களில் அளவீட்டை முடித்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக், 1963, 1964 ஆண்டுகளில் தமது கணித முறையை வெளியிட்டு, யாரும் பொருட்படுத்தாத நிலையில் இருந்தார். ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இராமச்சந்திரனுக்கும் அப்பரிசில் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்ற வாதம் நம் நாட்டில் அவ்வப்போது எழுவதுண்டு. சி.டி. கருவியை உருவாக்கியவர் அவரல்லர். கன்வலூஷன் வழியைக் கூட, கதிரவனின் வானொலிப் படத்தை ஆராய்ந்த பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே வானியல் இதழொன்றில் வெளியிட்டிருந்தனர். எனினும் எக்ஸ் கதிர்ப் படத்திற்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அதனைப் பொருத்தி, எந்தக் கணிப்பொறியிலும் எழுதத்தக்க எளிய எடை வரிசையாக ஆக்கித் தந்த பெருமை இந்த இருவரையே சாரும். பரிசை விட அம்முறை பெற்ற பயனே பெரிது.

அப்பயன் விரைவில் வந்தது. இணைகோடுகளாகச் சென்ற கதிருக்குப் பதில், விசிறிபோல் விரியும் கதிரைக் கொண்ட கருவிகள் எழுபதுகளின் நடுவில் தோன்றின. விசிறிக் கதிருக்கேற்பக் கணக்கை மாற்றியமைத்தவர்களுள் லட்சுமிநாராயணனும் ஒருவர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1975இல் அவர் அதனை எழுதினார். அளவீட்டு நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளாகக் குறைந்தது. 1974இல் ஷெப், லோகன் ஆகியோர் எடைகளைச் சிறிது மாற்றினர். காரணம், இராமச்சந்திரன்–லட்சுமிநாராயணன் எடைகள் விளிம்புகளைக் கூர்மையாகக் காட்டும்போது, அளவீட்டிலுள்ள சிறு தடுமாற்றங்களையும் பெருக்கிப் படத்தில் மணல் தூவியதுபோல் காட்டிவிடும். எலும்பின் கீறலைக் காணக் கூர்மையான எடைகள், மூளைத் திசுவைக் காண மென்மையான எடைகள் என இன்றும் கதிரியல் மருத்துவர்கள் தேவைக்கேற்பத் தெரிந்தெடுக்கின்றனர்.

மணலைக் குறைக்க மற்றொரு வழி கதிரின் அளவைக் கூட்டுவது. அதில் ஆபத்து உண்டு. இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் கதிரியக்கம் உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். ஒரு மார்பு எக்ஸ் கதிர்ப் படம் தருவது ஏறக்குறைய 0.1 அல்லது அதற்கும் குறைவு; வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேன் தருவது 8 முதல் 10 வரை. ஆகவே குறைந்த கதிரில் நல்ல படம் பெறுவது கணக்கின் பொறுப்பாயிற்று. ஏறத்தாழ 2009 முதல், ஹவுன்ஸ்ஃபீல்டு தொடக்கத்தில் பின்பற்றியதை ஒத்த, படிப்படியாகத் திருத்தும் முறைகள் வேகமான கணிப்பொறிகளின் உதவியால் மருத்துவமனைக் கருவிகளில் மீண்டும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் பலவும் தொடக்கப் படத்தைக் கன்வலூஷன் முறையால் பெற்றே மேலே செல்கின்றன.

நம் நாட்டில் விடுபட்ட கண்ணி

இலண்டனில் நடந்ததை நிர்வாகக் கண்கொண்டும் நோக்க வேண்டும். ஹவுன்ஸ்ஃபீல்டின் பின்னால் ஒரு மின்னணுத் தொழில் நிறுவனம் இருந்தது. பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை தொடக்கத்திலேயே பொருளுதவி அளித்தது. ஜேம்ஸ் அம்ப்ரோஸ் என்னும் கதிரியல் மருத்துவர் தம் மருத்துவமனையின் கதவைத் திறந்து வைத்தார். பொறியாளர், அரசு, மருத்துவர் மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். பெங்களூரில் ஓர் ஆய்வாளரும் அவர் மாணவரும் இருந்தனர். அவர்கள் கண்டதைக் கருவியாக்கும் தொழிற்சாலையோ, கருவி வேண்டும் என்று கேட்கும் மருத்துவமனையோ அவர்களைச் சூழ்ந்து இல்லை. கணித முறைக்கு இந்தியச் சட்டம் காப்புரிமை வழங்குவதுமில்லை. கட்டுரை எல்லோருக்கும் பொதுவாயிற்று, கருவி இறக்குமதியாயிற்று.

மருத்துவக் கருவிகளின் பெரும்பகுதியை இந்தியா நெடுங்காலமாக வெளிநாட்டிலிருந்தே வாங்கி வந்துள்ளது. 2020இல் மருத்துவக் கருவி உற்பத்திக்கென ரூ. 3,420 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கதிரியல் படக்கருவிகள் அதில் ஒரு பிரிவு. 2023 ஏப்ரலில் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றின் பயனைத் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. கருவியின் இரும்புக் கூட்டை இங்கே பூட்டுவது எளிது. எக்ஸ் கதிர்க் குழல், கதிர் உணர்விகள், படத்தை மீட்கும் மென்பொருள் ஆகியவையே விலையின் பெரும்பகுதியையும் அறிவின் பெரும்பகுதியையும் கொண்டவை. மென்பொருளுக்கு வேண்டிய கணித வல்லமை நம் பல்கலைக்கழகங்களில் குறைவின்றி உண்டு. ஆனால் ஆய்வு மாணவர் ஒருவர் தம் முறையைச் சோதிக்க மருத்துவமனை ஒன்றின் அளவீடுகளைப் பெறுவது இன்றும் எளிதன்று. நோயாளியின் அடையாளத்தை நீக்கி அவற்றை ஆய்வுக்குத் தரும் நெறிமுறையைப் பொது மருத்துவமனைகள் வகுத்துக்கொண்டால், 1971இல் கற்பனை நிழல்களோடு நின்றுபோன கண்ணியை அங்கிருந்தே தொடரலாம்.

இராமச்சந்திரன் 1977இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2001 ஏப்ரலில் சென்னையில் மறைந்தார். படமீட்பு பற்றிய பாடநூல்களிலும், பொறியியல் கல்லூரிகளில் மாணவர் பயன்படுத்தும் மேட்லேப் மென்பொருளிலும் அந்த எடை வரிசைக்கு ‘ராம்–லாக்’ என்று பெயர். வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் அம்மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்வது அதைத்தான். அப்பெயரின் முதற்பாதி இராமச்சந்திரன், பிற்பாதி லட்சுமிநாராயணன்.